அறிவிக்காத உத்தரவு

ஆம்பூர்,
3.6.2024

அன்புள்ள ஹேமா,

நலம்தானே? ஆபீஸ் விஷயத்தைப் போனில் பேச மாட்டேன் என்று நீ சொன்னதால் எழுதுகிறேன். மகள் ஸ்வேதா கல்யாணத்துக்கென்று நான் பணம் போட்டிருக்கும் ராணிப்பேட்டை பாலாற்றுச்சுடர் ஃபைனான்ஸுக்கு ஃபைனான்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் உங்கள் ஆபீஸ் அதிகாரிகள் சோதனைக்கு வந்து போனார்களாம். ஷூ கம்பெனியில் என் பக்கத்து மிஷினில் தைக்கும் ஷஹீன் பானு, கணவர் இறந்தபோது வந்த நான்கு லட்சத்தை அங்கேதான் போடப் போகிறாள். "அக்கா, இன்னா சொல்றீங்க, போடலாமா?" என்று தினமும் கேட்கிறாள். திமிரி ஸ்கூலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உரிமையில் கேட்கிறேன். ஒரு வார்த்தை எழுது.

உன்,
பூங்காவனம்

சென்னை,
8.6.2024

அன்புள்ள பூங்கா,

எந்தக் கம்பெனியைப் பற்றியும் நான் வெளியே பேசக் கூடாது. பேசினால் வேலை போய்விடும். உனக்காக ஒன்று மட்டும்: நீ பயப்படாதே. ஸ்வேதாவுக்கு என் அன்பு.

ஹேமலதா

ஆம்பூர்,
22.7.2024

ஹேமலதாவுக்கு,

என் பணம் முழுசாக பேங்க்கில் வந்துவிட்டது. மறுநாள் பேப்பரில் உங்கள் அறிவிப்பு. மார்ச் வரை வாங்கிய டெபாசிட்டைத் திருப்பித் தர வேண்டும், புதிதாக வாங்கக் கூடாது என்று ஏப்ரலிலேயே உத்தரவு போட்டீர்களாம்.

ஷஹீன் ஜூனில் போட்டாள். உன் கடிதத்தை நம்பி நான்தான், "போடு, ஒன்னும் ஆவாது" என்றேன். இப்போது அந்த ஆபீசுக்குப் பூட்டு. பணம் திருப்பித் தரும் லிஸ்டில் அவள் பெயர் இல்லை.

"உங்களுது வந்துச்சாக்கா?" என்று கேட்டாள். நூல் அறுந்ததுபோல் மிஷின் பக்கம் குனிந்துகொண்டேன்.

மூன்று மாதம் ஏன் மூடி வைத்தீர்கள்?

பூங்காவனம்

சென்னை,
29.7.2024

பூங்கா,

ஏப்ரலில் வெளியே சொன்னால் எல்லோரும் ஒரே நாளில் போய் நிற்பார்கள், கம்பெனி படுத்துவிடும், ஒருவருக்கும் கிடைக்காது என்று பயந்தோம். பணம் திரும்பும்வரை அறிவிக்க வேண்டாம் என்று குறிப்பு எழுதியவளே நான்தான். ஏற்கெனவே போட்டிருந்த ஆயிரத்து இருநூறு பேரை நினைத்தேன். புதிதாகப் பணத்தோடு படி ஏறப் போகிறவர்களை நினைக்கவில்லை. உத்தரவை மீறி வாங்குகிறார்கள் என்று மே மாதமே புகார் வந்தது. அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். "நீ பயப்படாதே" என்று உனக்கு எழுதும்போது எனக்கு இதெல்லாம் தெரியும்.

வெள்ளிக்கிழமை அத்தனையையும் எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தேன். "உங்க பேரு இல்லாம குடுங்கம்மா, எதுக்கு பேஜாரு?" என்றார். பெயர் போட்டே கொடுத்தேன். சஸ்பெண்ட் வரலாம்.

இந்தக் கடிதத்தை ஷஹீனிடம் கொடு. வக்கீலிடம் காட்டட்டும். கோர்ட்டில் கூப்பிட்டால் வந்து சொல்கிறேன்.

உன் பணம் வந்ததை மட்டும் அவளிடம் நீயே சொல்லிவிடு. இன்னொருவர் சொல்லி அவளுக்குத் தெரிய வேண்டாம்.

ஹேமா