ரமணி தலையில் கோத்த நீர்

கிள்ளான்
14.3.1993

அன்பு மகள் புஷ்பவல்லிக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் தெம்பாக இருக்கிறோம், லண்டன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் உன் அக்காவுக்குத் தலைவலி என்று மட்டும் சொன்னேன். மாசமாக இருக்கிறவளைப் பயமுறுத்துவானேன் என்று மீதியை விழுங்கிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. இப்போது கண்டம் தாண்டிவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

ரமணிக்குப் பிள்ளை பிறந்த இரண்டாம் வாரம் தலைவலி வந்தது. உன் அம்மாவைத்தான் தெரியுமே, தலையில் நீர் கோத்துக்கொண்டது என்று பத்துப் போட்டாள், பத்தியம் என்று ஏற்கெனவே அளந்து கொடுத்த தண்ணீரையும் பாதியாக்கினாள். நாக்கு ஒட்டுதும்மா என்று ரமணி கெஞ்சியும் இவள் மசியவில்லை. பிறகு வாந்தி, பார்வை மங்கல், பிள்ளை முகமே புகையாத் தெரியுது என்று அழுதாள். டாக்சி பிடித்துக் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேன் பார்த்த தமிழ் டாக்டரம்மாவும் மூளையைச் சுற்றி நீர் தேங்கி அழுத்துகிறது என்றார். அவ்வளவுதான், நான் அப்பவே சொல்லலையா என்று உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார்! ஆனால் டாக்டரம்மா சொன்னது வேறு கதை. அந்த நீர் எல்லோருக்கும் ஊறிக்கொண்டேதான் இருக்குமாம், மூளையிலிருந்து ரத்தம் இறங்குகிற பெரிய குழாய்க்குள் வடிந்து ரத்தத்தோடு போய்விடுமாம். ரமணிக்கு அந்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்துவிட்டது, நீருக்கு வழியில்லை, கண் நரம்பை நெருக்குகிறது. நம் வீட்டுப் பின்னால் லொங்காங் சாக்கடை எப்படி, கிள்ளான் ஆறு ஏறி நின்றால் எவ்வளவு கூட்டித் தள்ளினாலும் வடியாதே, அது மாதிரிதான். பிள்ளை பெற்ற உடம்பில் ரத்தம் உறையத்தான் பார்க்குமாம், தண்ணீர் குறைந்தால் இன்னும் கெட்டியாகுமாம். யாருங்க தண்ணி கொடுக்காதீங்கன்னு சொன்னது என்று கேட்டார். உன் அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏற்றினார்கள், ரத்தத்துக்கு வழி கிடைத்தால் நீர் தானே இறங்கும் என்றார்கள், இறங்குகிறது. வலி போய்விட்டது. இடது கண் ஓரத்தில் இன்னும் மங்கல்தான், மெல்லத் தெளியுமாம். அம்மாதான் தேறவில்லை, கட்டில் பக்கம் போகக் கூசி வார்டு வாசலிலேயே நின்றாள். நேற்று ரமணி பிள்ளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஐயோ அம்மா, இவளுக்கு உங்க மூக்கு லா, இத்தனை நாளா யாருமே சொல்லலையே என்று கூப்பிட்டாள். அம்மா அழுத அழுகையில் நர்ஸ் ஓடி வந்துவிட்டாள். நானும் அழுதேன், யாரிடமும் சொல்லாதே.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பத்துமலையான் உன்னையும் பிள்ளையையும் காப்பான், பதினாறும் பெற்று வாழ வேண்டும் தாயே. உன் பிரசவத்துக்கு அம்மா கட்டாயம் வருகிறாள். இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இதையும் எழுதுங்க என்கிறாள். புஷ்பாவை நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க, நானே வந்து வேணாம்னு தடுத்தாலும் கேக்காம குடிக்கச் சொல்லுங்க.

ஆசியுடன் அப்பா
தம்புசாமி