ரேஸல் தலையில் ஏறிய மகுடம்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? மருந்தைத் தவறாமல் தடவு. நான் சுகம்.

நேற்று மலை மேய்ச்சல் முடிந்து முப்பத்தாறு மாடுகளையும் ஊருக்குள் இறக்கினோம். கோடை முழுக்க ஒன்றுகூடச் சாகாமல் இருந்தால்தான் இங்கே முன்னால் நடக்கும் மாட்டுக்குப் பூமகுடம் கட்டுவார்கள். இந்த வருடம் கட்டினார்கள். மேய்த்தவன் உன் மகன்!

முதலாளி கோர்பினியான்தான் ஊராட்சித் தலைவரும். கண்காட்சியில் பரிசு வாங்கிய தன் இளம் பசுவுக்கு மகுடத்தைக் கட்டிவிட்டார்.

"அது முன்னால போகாதுங்க. மத்த மாடெல்லாம் கிழட்டுப் பசு ரேஸல் பின்னாலதான் வரும்," என்றேன்.

"எனக்கே சொல்லித் தர்றியா? வாடா பேசாம!"

பாலத்தில் அந்தப் பசு அசையாமல் நின்றுவிட்டது. பின்னால் வந்த எல்லாமும் நின்றன. ஊரே வேலியோரம் நின்று சிரித்தது.

"தலைவரே, ஓட்டுப் போட்ட நாங்கதான் உங்க பேச்சக் கேக்கணும், மாடு கேக்காது!" என்று கத்தினாள் பக்கத்துப் பண்ணை வால்பர்கா.

அவர் முகம் சிவக்க மகுடத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "நீயே கட்டுடா. கயித்தையும் நீயே புடி."

வெளியூர்க்காரன் எவனும் இதுவரை பிடிக்காத முன்மாட்டுக் கயிறு அம்மா அது! ரேஸல் குனிந்து மகுடத்தை வாங்கிக்கொண்டு, என் காலையும் மிதித்துவிட்டு நடந்தாள். வெறும் வீக்கம்தான், பயப்படாதே.

அப்பாவின் அகலமான பூட்ஸை அனுப்பு. உள்ளே நம்மூர் செய்தித்தாளைத் திணித்து வை. பழையதானாலும் படிப்பேன்.

பால் கறக்கக் கூப்பிடுகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஊராட்சிப் பலகையில் எங்கள் படம் இருக்கிறது. அதன் கீழே கோர்பினியான் தன் கையாலேயே எழுதியிருக்கிறார்: "ரேஸலும் நம்ம அவ்ராமும்."

மாட்டுக்கு அடுத்த இடம்தான். ஆனால் 'நம்ம' என்று எழுதியிருக்கிறார், அம்மா.

உன் அவ்ராம்