சங்குக்கு வலப்புறம் ஒரு மைக்

விருதுநகர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் மணிகண்டராஜுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் ஐஸ்வர்யாவும் பிள்ளையும் அங்கே குளிருக்கும் வேலைக்கும் நடுவில் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பாய், போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார்கள், நீ அனுப்பிய கிளிப் மைக் எப்படி என்று கேட்டால் ரொம்ப நல்லாருக்குய்யா என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். நடந்தது அப்படி இல்லை. நீ வருத்தப்படுவதற்காகச் சொல்லவில்லை, உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான்.

நிமோனியாவில் படுத்து எழுந்த பிறகு, டாக்டர் மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த பந்து டப்பா சலித்துப்போய் அப்பா சங்கு ஊத ஆரம்பித்ததும், பிறகு பெரிதும் சிறிதுமாக நாலு சங்கு வாங்கி, சங்கின் வாய்க்குள் கையை விட்டுச் சுரத்தை ஏற்றி இறக்கப் பழகி, ஆமத்தூர் மாரிசாமியின் மேளக் குழுவில் சேர்ந்ததும் நீ அறிந்ததுதான். சாவுக்குல்ல சங்கு ஊதுவாக என்று சொந்தத்தில் சிலர் முகம் சுளித்தார்கள், அதை அப்பா காதிலேயே வாங்கவில்லை. தவிலுக்கும் உறுமிக்கும் நடுவில் சங்கு எடுபடவில்லை என்பது ஒன்றுதான் குறை, அதற்குத்தான் உன்னிடம் மைக் கேட்டார்கள். அதை முதன்முதலாக அச்சங்குளத்துக்கு எடுத்துப் போனோம், அங்கே பெண்கள் குழுவின் ஆண்டு விழா. சாயங்காலம் கம்பெனி விடுவதற்கு முன்பே நிகழ்ச்சி ஆரம்பமாகிவிட்டது, ஆம்பளைகள் பாதிப் பேர் பட்டாசுக் கம்பெனியில் வேலையில் இருந்தார்கள். சிறிய சங்கில் ஒரு மாதிரி சமாளித்த மைக்கை அப்பா கழற்றிப் பெரிய சங்கின் விளிம்பில் மாட்டினார்கள், உள்ளே கையை விட்டதும் கை மைக்கை மூடிக்கொண்டது, ஸ்பீக்கர் ஊளையிட ஆரம்பித்தது. ஊளையும் சங்கோசையும் சேர்ந்து, விபத்து என்றால் கம்பெனியில் அலறுமே ஒரு சங்கு, அப்படியே கேட்டது. முன்வரிசையில் இருந்த பெண்கள் எழுந்து ஓடினார்கள். செருப்பை விட்டுவிட்டு, மடியில் இருந்த பிள்ளையைப் பக்கத்தில் இருந்தவளிடம் திணித்துவிட்டு, கம்பெனி இருக்கும் ரோட்டைப் பார்த்து ஓடினார்கள். மாரிசாமி மேடையை விட்டு இறங்கிப் பின்னாலேயே ஓடி, ஒண்ணுமில்லத்தா, மைக்தான், நில்லுங்க என்று கத்திக் கத்தித்தான் நிறுத்தினார். அப்பா கையில் சங்கோடு நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நாலு சங்கையும் துண்டில் சுற்றிப் பீரோவுக்கு மேலே வைத்துவிட்டார்கள். நம் அச்சகத்துக்குப் போவார்கள், லேபிள் ஆர்டரைப் பார்ப்பார்கள், வந்து சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள். ஊதாமல் இருந்ததில் இருமல் திரும்பி வந்தது, மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்றார்கள், அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஷின் ஓடாத நேரம் பார்த்து மைக் செட் முனியசாமியை அச்சகத்துக்கு வரச்சொன்னேன். மேடையில் நிற்கிறவருக்குக் கேட்பது வேறு, கீழே கேட்பது வேறு, கேட்டுச் சொல்றது என் வேலை, நீங்க ஊதுங்க போதும் என்றேன். அப்பா முனகிக்கொண்டேதான் சங்கை எடுத்தார்கள். கிளிப் மைக் புல்லாங்குழலுக்கு நன்றாக இருக்கும், அது பழுதில்லை, ஆனால் சங்கு மாற்றுகிறபோதெல்லாம் கழற்றி மாட்ட வேண்டும், கை உள்ளே போய்வரும்போது கரகரக்கிறது, பெரிய சங்கின் வேகத்தைத் தாங்கவும் இல்லை. பாடுகிறவர்கள் பிடிக்கிற சாதாரண மைக்கை ஸ்டாண்டில் போட்டு அப்பாவுக்கு நேரே வைத்தார் முனியசாமி, பெருமூச்சுதான் கேட்டது, சங்கைக் காணோம். அப்போதுதான் உற்றுப் பார்த்தேன், அப்பா முகம் எங்களைப் பார்த்து இருக்கிறது, சங்கின் வாய் வலப்பக்கம் பார்த்து இருக்கிறது. ஸ்டாண்டை வலப்பக்கம் தள்ளி, ஒரு முழம் விட்டு, கொஞ்சம் சாய்த்து வைக்கச் சொன்னேன், மேடையில் தவில் இருக்கும் பக்கமும் ஸ்பீக்கர் பக்கமும் மைக்கின் முதுகு இருக்கிற மாதிரி, முதுகுப் பக்கத்துச் சத்தத்தை அது வாங்காதல்லவா. முனியசாமி சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார், ஊளையே இல்லை. எந்தச் சங்கை எடுத்தாலும் அதன் குரலிலேயே கேட்டது. இதுதான் என்றேன். அப்பா இன்னொரு தடவை ஊதினார்கள்.

அந்த வாரமே அச்சங்குளத்து இருளம்மாள் வீட்டுக்கு வந்தாள், விழாவை நடத்தியவள் அவள்தான், அவள் வீட்டுக்காரர் கருத்தப்பாண்டியும் கம்பெனியில்தான் வேலை. திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று அப்பா எழுந்து நின்றார்கள். அவளோ, யாருக்கும் ஒண்ணும் ஆகலைய்யா, ஆனா அன்னைக்குக் கேட்ட சத்தம் காதுக்குள்ளயே நிக்கி, நல்லபடியா ஒருக்கா ஊதிட்டுப் போயிருங்க, அப்பத்தான் அது போகும் என்றாள். அப்பா என்னைப் பார்த்தார்கள், மைக்கை நான் பார்த்துக்கிடுதேன் என்றேன்.

போன வெள்ளிக்கிழமை போனோம். அப்பா முதலில், இது கம்பெனிச் சங்கு இல்லத்தா, என் கையில இருக்கிற சங்கு, மைக் இல்லாம ஒரு தடவை ஊதுதேன், பெறகு மைக்குல ஊதுதேன், ரெண்டும் ஒண்ணுதானான்னு நீங்கதான் சொல்லணும் என்றார்கள். நான் கடைசி வரிசையில் இருளம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மைக்கில் பெரிய சங்கு எழுந்ததும் நாலைந்து பேர் பாதி எழுந்து ரோட்டைப் பார்த்தார்கள். இருளம்மாளும் எழுந்தாள். ஊளை வரவில்லை, சங்கு சங்காகவே கேட்டது, ஒவ்வொருத்தராக உட்கார்ந்தார்கள், தவில் சேர்ந்துகொண்டது. கம்பெனி விட்டு ஆம்பளைகள் வர ஆரம்பித்தார்கள், கருத்தப்பாண்டி கையில் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி மினுங்க இருளம்மாளுக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் வந்ததை அவள் கவனிக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிள்ளைக்கு முடி இறக்க மாசிக்கு முன்னால் லீவு சொல்லிவை, கடைசி நேரத்தில் டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லாதே. ஐஸ்வர்யாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருக்க எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன் அம்மா,
சொர்ணலட்சுமி