ஸ்யாமளாவின் சோற்றுக்கை

16-7-78, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டின்போது இருந்தவர்கள்: நான், அவர், அவருடைய அக்கா வாலாம்பாள் மதினி, பக்கத்துத் தறிவீட்டு ராக்கம்மாள். நடுவில் ஸ்யாமளா. ஒன்றே முக்கால் வயதுப் பிள்ளைக்கு ஒரு வாய் சோறு ஊட்ட நான்கு பெரியவர்கள். அவர் சாவிக்கொத்தை ஆட்டினார். ராக்கம்மாள் காக்காய் மாதிரி கரைந்தாள். கிண்ணத்துக்குள் பாய்கிற அவள் இடது கையை மதினி வழக்கம்போல் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் ஊட்டினேன்.

உள்ளே போனது பருப்புச் சோறு இரண்டு வாய். வெளியே வந்ததும் இரண்டு வாய், அவருடைய சலவை வேட்டியில். கணக்கு நேர்.

"மதுரைய ஆள்ற அம்மன் பேர வச்சுட்டு, அதிகாரம் பண்ணாதன்னா கேப்பாளா?" என்றாள் ராக்கம்மாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

18-7, செவ்வாய்

டாக்டரிடம் போய் வந்தோம். கீழிமையை இழுத்துப் பார்த்தார். தராசில் எட்டு கிலோகூட இல்லை. "வெறும் பால வச்சுக்கிட்டு எம்புட்டு நாளைக்கும்மா ஓட்டுவீங்க? ரத்தமே இல்ல. அடுத்த மாசமும் எடை ஏறலைன்னா பெரியாஸ்பத்திரில சேர்த்துருங்க."

பஸ்ஸில் மடியில் தூங்கிக்கொண்டே வந்தாள். பூனைக்குட்டி கனம். இவளை அங்கே எப்படி விட்டுவிட்டு வருவேன்?

21-7, ஆடி முதல் வெள்ளி

அம்மன் சந்நிதியில் நின்றேன். கேட்க நினைத்தது ஒன்றும் வாயில் வரவில்லை. பிரசாதப் பொங்கலை விரல் நுனியில் எடுத்து ஸ்யாமளாவின் உதட்டில் தடவினேன். துடைத்துவிட்டாள். தாயே, உனக்குப் படைத்ததுமா வேண்டாம்?

24-7

இட்லி, இல்லை. கேழ்வரகுக் கூழ், இல்லை. பால்தான்.

27-7, வியாழன்

என் வலது கை ஆட்காட்டி விரலில் நகச்சுற்று. எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகிவிட்டார் மதினி. விண் விண்ணென்று தெறிக்கிறது. இதை இடது கையால்தான் எழுதுகிறேன். கோழி கிளறிய மாதிரி இருக்கிறது.

29-7, சனி

இதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

அவர் ஆபீசில், மதினி கோயிலில். நானும் அவளும்தான் வீட்டில். ஸ்பூன் பிடிக்க வரவில்லை. யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் அடுப்படிச் சுவரோரம் உட்கார்ந்து, ரசஞ்சோற்றை இடது கையாலேயே அள்ளிச் சாப்பிட்டேன். ஸ்யாமளா வந்து எதிரே குந்தினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையையே பார்த்தாள். பிறகு தன் இடது கையை என் தட்டுக்குள் விட்டாள்.

பழக்கதோஷத்தில் தடுக்கப் போனேன். எலுமிச்சம்பழ விரல் தட்டு விளிம்பில் இடித்து உயிரே போய்விட்டது. நான் கையை உதறிக்கொண்டு நிமிர்வதற்குள் சோறு அவள் வாய்க்குள். துப்புவாள் என்று முந்தானையை ஏந்தினேன். மென்றாள். விழுங்கினாள். மறுபடி அள்ளினாள். மூக்கில் பாதி, தரையில் பாதி. ஆனால் விழுங்கினாள்!

என் கண்ணே பட்டுவிடுமோ என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். இத்தனை நாளும் பிள்ளைக்குப் பசி இல்லாமலா இருந்தது? அந்தக் கையை அல்லவா பிடித்து வைத்திருந்தோம்.

30-7, ஞாயிறு

மதினி பார்த்துவிட்டார்.

"ஏத்தா, ஒனக்குப் புத்தி இருக்கா? பொம்பளப் புள்ள பீச்சாங்கையால திங்கிறா, நீ பாத்துக்கிட்டு உக்காந்திருக்க! நாலு பேரு முன்னாடி இப்படித் தின்னா காறித் துப்ப மாட்டாக?"

"துப்பட்டும் மதினி. இம்புட்டு நாளா எம்புள்ள துப்புனத நான் பாக்கலையா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "எல்லா ஊர்லயும் எடது கால தூக்கி ஆடுற சாமி, நம்ம ஊரு வெள்ளியம்பலத்துல மட்டும் வலது கால தூக்கி ஆடலையா? சாமி கால் மாத்தலாம், எம்புள்ள கை மாத்தக் கூடாதா?"

பேப்பருக்குப் பின்னால் அவர் இருமினார். இருமல் மாதிரியும் இல்லை. மதினி எழுந்து உள்ளே போய்விட்டார். சாமியைச் சாட்சிக்கு இழுத்துவிட்டேனே என்று பிறகு எனக்கே உதறல். விளக்கின் முன் விழுந்து கும்பிட்டேன். தப்பென்றால் என்னோடு போகட்டும்.

2-8, புதன்

மதினி இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் சாப்பாட்டுக்கு முன் ஸ்யாமளாவின் இரண்டு கைகளையும் அவரே சோப்புப் போட்டுக் கழுவினார். "திங்கிற கை எதுவோ, சுத்தமா இருக்கணும்ல" என்று குழாயிடம் சொன்னார்.

பருப்புச் சோறு, கேரட், முழு இட்லி ஒன்று. துப்பியது ஒன்றும் இல்லை.

16-8, புதன்

அரைக் கிலோ ஏறியிருக்கிறது. டாக்டர் மறுபடியும் தராசில் வைத்துப் பார்த்தார். ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார். படி இறங்கியதும் அழுதுவிட்டேன். நடுத்தெருவில். அவர், "அழுறதுக்கு இதுவா நேரம்? புள்ள முறுக்கு கேக்குறா பாரு" என்றார்.

20-8, ஞாயிறு

பேரையூர் அண்ணனுக்கு, அண்ணன் மகள் கல்யாண விஷயமாகக் கார்டு போட்டேன். எழுதியது:

அண்ணன் அவர்களுக்கு, பந்தியில் எங்கள் வீட்டுக்கு மூன்று இலை என்று கணக்கு வைத்திருப்பீர்கள். நான்கு என்று திருத்திக்கொள்ளுங்கள். ஸ்யாமளாவுக்குத் தனி இலை. அவள் இடது கையால்தான் சாப்பிடுவாள். பரிமாறுகிறவர்கள் அவள் கையைத் தட்டிவிடாமல் இருக்கச் சொல்லி வைக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் உங்களுக்குச் சங்கடமானால் கடைசிப் பந்தியில் உட்காருகிறோம், வருத்தமில்லை. யார் என்ன கேட்டாலும் தான் பக்கத்திலேயே உட்கார்ந்து பதில் சொல்வதாக வாலாம்பாள் மதினி எழுதச் சொன்னார். எந்தப் பந்தி என்று சீக்கிரம் பதில் போடுங்கள்.