ஏசி மாட்டிய சுவர்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் வேர்த்து வழிந்தபடி நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் வேர்க்காமல் நலமாக இருப்பீர்கள். போன் இருக்கும்போது இது என்ன கடிதம் என்று பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் பேசினால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து பாதியில் பிடுங்கிக்கொள்கிறார், பிறகு நீங்கள் இரண்டு பேரும் அவருடைய கொட்டகையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறீர்கள், நான் எழுந்து போய்விடுகிறேன். கடிதத்தை யாரும் நடுவில் பிடுங்க முடியாது. விஷயம் இதுதான். அப்பாவின் கொட்டகைக்கென்று நீ கடையில் சொல்லி அனுப்பிவைத்த ஏசி கொட்டகையில் இல்லை, என் தையல் அறையில் இருக்கிறது. எல்லாம் நல்லபடியா மாட்டியாச்சும்மா என்று அப்பா உன்னிடம் சொல்லியிருப்பார், எந்தச் சுவரில் என்று சொல்லியிருக்க மாட்டார். எப்படி இப்படி ஆனது என்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன், படித்துவிட்டுக் கோபம் வந்தால் கோபித்துக்கொள்.

உன் அப்பா ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. பின்பக்கம் சும்மா கிடந்த தகரக் கொட்டகையை அவர் மரவேலைக் கூடமாக்கியதும், வீடியோ பார்த்துப் பார்த்துத் தச்சுவேலை கற்றுக்கொண்டதும் உனக்குத் தெரியும், நீதான் ஆஹா ஓஹோ என்று ஏற்றிவிட்டாய். இதுவரை ஒரு ஸ்டூல், ஒரு செருப்பு அலமாரி, இரண்டு டிராயர் வைத்த ஒரு மேஜை செய்திருக்கிறார். ஸ்டூலில் உட்காருகிறவர் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். மேஜை டிராயர் குளிர்காலத்தில் வெண்ணெய் மாதிரி போய் வந்துகொண்டிருந்தது, வெயிலும் புழுக்கமும் வந்ததும் மரம் ஊதி இறுகிப்போய்விட்டது, உள்ளே அவருடைய மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டது. டிராயரைத் திறக்கக் கண்ணாடி வேண்டும், கண்ணாடியை எடுக்க டிராயர் திறக்க வேண்டும் என்று நான்கு நாள் தடவிக்கொண்டு திரிந்தார். உன்னிடம் மட்டும் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று சொன்னாராமே.

இந்த வருஷம் வெயில் சாதாரண வெயில் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். காற்று அசையவில்லை, துவைத்த துணி மறுநாளும் ஈரம், உப்பு டப்பாவில் உப்பு கட்டிதட்டிக் கிடக்கிறது. ஆனால் உன் அப்பா சமாளித்த விதம் இருக்கிறதே, அதைத்தான் நீ பார்க்கவில்லை. முதலில் தகரத்தின் மேல் ஈரச் சாக்கு பரப்பினார், ஆணி ஓட்டை வழியாகத் தண்ணீர் சொட்டி அவர் தலையிலும் மரத்திலும் விழுந்தது. பிறகு ஐஸ் பாட்டிலை மின்விசிறி முன்னால் வைத்தார். ஈரத் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டினார். ஒரு நாள் மத்தியானம் எட்டிப் பார்க்கிறேன், இரண்டு காலையும் தண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு நின்றபடி கையில் டிரில்லிங் மெஷினை ஓட்டிக்கொண்டிருக்கிறார். மின்சார ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்த மனுஷன். ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தேன், கரண்ட் போயிடுச்சு போலிருக்கு என்று வாளிக்குள்ளிருந்தே சொன்னார். ஏதாவது சொன்னால் ரப்பர் செருப்பு போட்டிருக்கேனே என்பார், செருப்பும் வாளிக்குள்தான் இருந்தது.

இதையெல்லாம் அவர் உன்னிடம் வெயில் கொடுமை என்று ஒரே வரியில் சொல்ல, நீ உருகிப்போய் ஒரு ஏர்கூலர் அனுப்பினாய். நல்ல மனசு, யார் இல்லையென்றது. ஆனால் அது தண்ணீரை ஊதும் பெட்டி, இங்கே காற்றில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீர் போதாதா. ஒரே வாரத்தில் பலகைகள் எல்லாம் பூசணம் பிடித்தன, பிளைவுட் அப்பளமாய்ப் பொங்கியது, ஒட்டிய கோந்து ஒட்டவே இல்லை, வார்னிஷ் பால் மாதிரி வெளுத்துப்போனது. அவர் வாய் திறந்து உன்னிடம் சொல்வாரா. சொல்ல மாட்டார், மகள் அனுப்பியது அல்லவா. அதற்குப் பதிலாக வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் ஒரு சின்னக் கருவி வாங்கிக் கொட்டகையில் மாட்டி, மணிக்கொரு தரம் நோட்டில் குறித்து, அந்த நோட்டைப் படம் பிடித்து உனக்கு அனுப்பினார். நோட்டைப் பார்த்ததும்தான் நீ அப்பா பாவம், ஏசி வாங்கிடலாம் என்றாய். சீக்கிரம் மாட்டிடுங்கம்மா, அப்பா அங்க வெந்துகிட்டு இருக்கார் என்று என்னிடமும் சொன்னாய். உன்னிடம் பேசிக்கொண்டே நான் இஸ்திரிப் பெட்டியைத் துணி மேல் ஓட்டிக்கொண்டிருந்தேன். அது உனக்குத் தெரிய நியாயம் இல்லை, போனில் இஸ்திரிப் பெட்டி தெரியாது.

இப்போது என் அறையைப் பற்றிக் கேள், எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தாலும் கேள். மேற்குச் சுவர், ஒரே ஜன்னல். பள்ளிகள் திறக்கும் முன்னால் யூனிபார்ம் தைத்துத் தர வேண்டும், அதனால் எனக்கு வேலை குவிவதே கோடையில்தான். வெள்ளைத் துணி என்பதால் தெருத் தூசி படக்கூடாது, ஜன்னல் மூடியிருக்கும். மின்விசிறி போட்டால் வெட்டி வைத்த காலரும் பையும் அறை முழுக்கப் பறக்கும், போட முடியாது. மடிப்பு நிற்க வேண்டுமென்றால் ஈரத் துணி போட்டுத் தேய்க்க வேண்டும், அந்த ஆவியும் அறைக்குள்ளேயே நிற்கும். புழுக்கத்தில் ஊசி ஒரே ராத்திரியில் துருப்பிடித்து மறுநாள் வெள்ளைத் துணியில் பழுப்புப் பொட்டு வைக்கும், கோடு போடும் சாக்பீஸ் நமுத்துப்போன துணியில் பிடிக்காது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தால் துவைத்துக் காயவைத்து மறுபடி தேய்க்க வேண்டும், அதனால் தலையில் ஒரு துண்டு, கழுத்தில் ஒரு துண்டு, கையில் பவுடர் என்று உட்கார்ந்திருப்பேன். இருபத்தாறு கோடை இப்படித்தான் போயிருக்கிறது. மணிக்கொரு தரம் நோட்டில் எழுதி வைக்கத் தெரியாமல் போய்விட்டது, அது என் தப்புதான்.

போன மாதம் வீடியோவில் என் கையில் கட்டுப் போட்டிருந்ததைப் பார்த்து என்னம்மா என்று கேட்டாய், அடுப்பில் சுட்டுக்கொண்டேன் என்றேன். பொய். மத்தியானம் மூன்று மணிக்குப் பாவாடை மடிப்பு தேய்த்துக்கொண்டிருந்தேன், கண்ணெல்லாம் வெள்ளையாகப் போயிற்று, துணிதான் வெள்ளை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்துப் பார்த்தால் தரையில் கிடக்கிறேன், முழங்கைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டி. சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துத் தரும் அக்கா அன்றைக்கு இருந்ததால் பிழைத்தேன், அவள்தான் பெட்டியைத் தட்டிவிட்டு முகத்தில் தண்ணீர் ஊற்றினாள். டாக்டரம்மா வெயில் மயக்கம் என்றார், இப்படியே போனால் அடுத்த தடவை எழுந்திருக்க மாட்டீங்க, ஒண்ணு ரூமை மாத்துங்க இல்ல வேலையை விடுங்க என்றார். உன் அப்பா வீட்டுக்கு வரும் வழியிலேயே வேலையை விட்டுடு என்று சுலபமாகச் சொல்லிவிட்டார். உன்னிடம் சொல்ல வேண்டாம், அங்கே தூரத்தில் இருந்து கவலைப்படுவாள் என்றும் சொன்னார், நானும் தலையாட்டினேன். ஆனால் வேலையை விடுவதற்குத் தலையாட்டவில்லை. விட்டுவிட்டு என்ன செய்வது, ஸ்டூலில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கவா?

இந்த நிலைமையில்தான் ஏசி வந்தது. மாட்ட வந்தவர் நாற்பது வயதுக்காரர், சலிப்பான முகம். அப்பா அவரைக் கொட்டகைக்கு அழைத்துக்கொண்டுபோய் வரைபடமெல்லாம் காட்டினார். அவர் கூரையைப் பார்த்தார், பக்கவாட்டில் கை நுழையும் இடைவெளிகளைப் பார்த்தார், சார், இங்க மாட்டினா தெருவுக்குத்தான் குளிரும், அடைச்ச ரூம் ஏதாவது இருந்தா சொல்லுங்க என்றார். அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. வீட்டுக்குள்ள ஒரு ரூம் இருக்கு, ஆனா அங்க வேலை ஒண்ணும் நடக்கலை, இவ சும்மா தைச்சுக்கிட்டு இருப்பா என்றார். நான் ஒரு கையில் பதினெட்டுச் சட்டையைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் நிற்கிறேன், என் முன்னாலேயே சொல்கிறார், மனசில் கல்மிஷமே இல்லாமல் சொல்கிறார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. கோபத்தில் ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

நான் கத்தவில்லை. சட்டைகளைக் கீழே வைத்தேன், நேரே கொட்டகைக்குப் போய் அவருடைய கருவியை ஆணியிலிருந்து கழற்றினேன். முப்பத்தாறு காட்டியது. கொண்டுவந்து என் அறையில் தையல் மெஷின் பக்கத்தில் வைத்தேன், இஸ்திரிப் பெட்டியைப் போட்டேன், கதவைச் சாத்தினேன், மூன்று பேரும் உள்ளே நின்றோம். பத்து நிமிஷம் வேலை செய்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். மாட்ட வந்தவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார், சுவரில் சாய்ந்தார், அம்மா கொஞ்சம் கதவைத் திறங்கம்மா என்றார். கருவி நாற்பதைத் தொட்டிருந்தது. உன் அப்பா அதைக் கையில் எடுத்தார், குலுக்கினார், துடைத்தார், மறுபடி பார்த்தார். பிறகு என் கையில் இருந்த தழும்பைப் பார்த்தார், சுட்ட நாளுக்கப்புறம் அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். மாட்ட வந்தவரிடம், இந்தச் சுவருல ஓட்டை போடுங்க என்றார். இரண்டாவது தடவை சொன்னதுதான் அந்த ஆளுக்குக் கேட்டது. சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவருக்காக அழ வேண்டும் போலவும் இருந்தது, நான் காலர் தைக்கப் போய்விட்டேன்.

இப்போது அறை சுகமாக இருக்கிறது. வெட்டிய துண்டு பறக்கவில்லை, ஊசி துருப்பிடிக்கவில்லை, காஜா எடுக்கும் அக்கா அரைமணி முன்னாலேயே வந்துவிடுகிறாள், வீட்டுக்குப் போகத்தான் மனசு வரவில்லை. உன் அப்பா பத்து மணிக்குச் சும்மா பார்க்க வந்தேன் என்று வருவார். மரத்தூளோடு உள்ளே வரக்கூடாது, கை கழுவாமல் வெள்ளைத் துணியைத் தொடக்கூடாது, வீடியோவைச் சத்தமாக வைக்கக்கூடாது என்று மூன்று சட்டம் போட்டிருக்கிறேன், ஆபீசில்கூட இவ்வளவு ஒழுங்காக இருந்திருக்க மாட்டார். நேற்றைக்கு அவராகவே பொத்தான்களை அளவு பார்த்துப் பிரித்து வைத்தார். கொட்டகைக்குக் காலையில் வெயில் ஏறும் முன்னால் இரண்டு மணி நேரம் போகிறார், வாளி இல்லாமல். ஏர்கூலர் மூலையில் கிடக்கிறது, வேண்டுமானால் திரும்ப எடுத்துக்கொள், உங்கள் ஊரில் காற்று வறட்சி என்கிறாயே.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று கேட்பாய். இருக்கிறது. அப்பா பாவம் என்பது உனக்கு அவ்வளவு சீக்கிரம் தெரிகிறது, அம்மாவுக்கு என்ன, அவள் எப்படியும் சமாளித்துவிடுவாள் என்பதும் அதே வேகத்தில் தெரிகிறது. எல்லா நாளும் பேசுகிறாய், கொட்டகையில் என்ன நடக்கிறது என்று அவரிடம் கேட்கிறாய், என்னிடம் சாப்டியாம்மா என்று கேட்கிறாய். சாப்பிட்டேன், தாயே. ஒரு தடவையாவது என்ன தைக்கிறாய் என்று கேட்டால் என்ன குறைந்துபோகும். இதைப் படித்து நீ கொஞ்சம் அழுவாய், அழட்டும் என்றுதான் எழுதுகிறேன், நிறைய அழாதே, தலைவலி வரும் உனக்கு.

பேத்திக்கு அம்மாச்சியின் முத்தம். மாப்பிள்ளை வேலையில் நல்லபடி இருக்கட்டும், நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். நீ வேளைக்குத் தூங்கு, கண்ணுக்குக் கீழே கருப்பு வீடியோவிலேயே தெரிகிறது. கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. நான் அங்கே வருவதற்கான விசா விண்ணப்பத்தை நீயே நிரப்பிக் கையெழுத்துக்கு அனுப்பியிருந்தாயே, அதைக் கையெழுத்துப் போடாமல் இதோடு வைத்திருக்கிறேன். அதில் கணவரின் தொழில் என்ற இடத்தில் மின்சார அலுவலர், ஓய்வு என்று அழகாக எழுதியிருந்தாய். எனக்கு நேரே ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தாய். அதை அடித்துவிட்டுத் தையல்காரர் என்று எழுதியிருக்கிறேன். அடித்தல் திருத்தல் கூடாது என்று அதிலேயே போட்டிருக்கிறது, தெரியும். புதுத் தாள் வாங்கி, இந்தத் தடவை நீயே உன் கையால் சரியாக எழுதி அனுப்பு, அப்புறம் கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
ஆசிகளுடன்,
உன் அம்மா