அவசர நம்பர்

விக்கிரமசிங்கபுரம்

ஜாய்சி அப்பாவுக்கு,

என்னை விட்டுட்டு பேட்டையில அவகூடப் போயி இருந்தும், உங்க கையில ஒட்டுன சுகர் மிஷினுக்குன்னு போன்ல வச்சிருக்க ஆப்புல அவசரத்துக்கு என் நம்பரைத்தான் வச்சிருக்கீக. நேத்து காலையில உங்க சுகர் ரொம்ப இறங்கிட்டுன்னு என் போன் அலறிச்சு. அலறட்டும்னு கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன்.

பிறகு, வாங்கி வச்சும் கூப்பிடாம இருந்த அவ நம்பருக்குப் போட்டேன்.

"முழிச்சிருக்காகளா? உடனே சீனித்தண்ணி குடு."

குடுத்துட்டு வந்து, "நீங்க யாரு?"ன்னு கேட்டா.

"அவுக பொண்டாட்டி."

"செத்துட்டாகன்னுல்லா சொன்னாரு!"

நானும் ஜாய்சியும் நிக்கிற போட்டோவை அப்பவே எடுத்து அனுப்பினேன். இன்னைக்கு உங்க துணிமணியைத் தெருவுல போட்டுட்டாளாமே. சந்தோசம்.

ஆப்புல இருந்து என் நம்பரை எடுத்துட்டேன். ஊசி போட்டதும் சாப்பிடச் சொல்லி இனி அந்த ஆப்பே ஞாபகப்படுத்தும். சோறு தேடி இங்கன வந்திராதீக.

உங்க பொண்டாட்டியா இருந்தவ