மூச்சை விடச் சொல்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், கட்டியும் இருந்த இடத்திலேயே நலம். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் கேட்டால் அம்மா பிடுங்கிக்கொண்டு ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்பாள், அதனால்தான் கடிதம். ஈரலில் இருப்பது பெரிய ரத்தக்குழாயை ஒட்டி உட்கார்ந்திருக்கிறதாம், கத்தி வைக்க வழியில்லை என்று ஆபரேஷன் டாக்டர் கையை விரித்துவிட்டார். பிறகு கரண்ட் வைப்பது என்கிறார்களே, அந்த டாக்டரம்மாதான், கதிரைப் பல பக்கத்திலிருந்தும் அந்த ஒரே இடத்தில் குவித்துப் பொசுக்கிப் பார்க்கலாம், முழுசாக அடங்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்றார். மூச்சு விட்டால் ஈரல் மேலும் கீழும் போகுமாம். அதனால் மெஷினில் படுக்கவைத்து, மைக்கில் ஒரு பெண் ‘மூச்ச இழுத்துப் பிடிங்கய்யா’ என்பாள், கதிர் நின்றதும் ‘விடுங்க’ என்பாள். ஆயுசு முழுக்க ஸ்டூடியோவில் ‘அசையாதீங்க’ என்று கல்யாண ஜோடிகளை மிரட்டியவனுக்கு இது வேண்டியதுதான்.

உன் அம்மா அடித்த கூத்தைக் கேள். குறி பார்ப்பதற்காக என் வயிற்றில் மையால் கோடு போட்டு, அழியக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் காதில் விழுந்தால்தானே. ஆஸ்பத்திரிக்கு அழுக்காகவா போவது என்று என்னைக் குளிப்பாட்டி, அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பதுபோல் தேய்த்தாள், நானும் கண்ணில் சோப்போடு தேமே என்று நின்றேன். பளபளவென்று போய் நின்றதும் அந்த மைக் பெண் தலையில் கைவைத்துக்கொண்டாள். மறுபடி ஸ்கேன், மறுபடி கோடு, சிகிச்சை தள்ளிப்போனது. நான் சிரித்தேன், அம்மா வீட்டுக்கு வந்து ‘என்னாலதான் பெருசாயிடுமோ’ என்று ஓவென்று அழுதாள். இதனால் ஒன்றும் ஆகாது என்று டாக்டரம்மா சொன்னதையும் நம்பவில்லை.

இப்போது சிகிச்சை ஆரம்பித்துவிட்டது. வலியே இல்லை, கொஞ்சம் குமட்டலும் அசதியும்தான். வீட்டில் நாற்காலியில் சாய்ந்து மூச்சைப் பிடித்துப் பழகுகிறேன். நேற்று தற்செயலாகத் திரும்பினால், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கத்தியை அப்படியே நிறுத்திவிட்டு அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நான் விட்ட பிறகுதான் விடுகிறாள். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை பாப்பா, ஆனால் என்னைவிட அவளை நினைத்துத்தான்.

வேலையைப் போட்டுவிட்டு ஓடிவராதே. எல்லாம் முடிந்து ஸ்கேன் பார்த்ததும் சொல்கிறேன், லீவு போட்டு நிதானமாக வா. இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாயிருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. எனக்கு ‘விடுங்க’ என்று சொல்ல மைக்கில் ஒரு பெண் இருக்கிறாள். அம்மாவுக்கு நீதான், தினமும் கூப்பிட்டுப் பேசு.

இப்படிக்கு,
கோடு அழியாமல் பத்திரமாக இருக்கும்
உன் அப்பா